யோபுவின் கதை வந்த வழி

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை வட்டமும் அதைச் சேர்ந்த பாறசாலையும் கேரளத்தில் நிற்க, விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்தோடு இணைந்தன. ஆயினும் இரு பக்கத்துக் கத்தோலிக்கரும் துன்பத்தில் நினைக்கும் பெயர் ஒன்றே. மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை, மார்த்தாண்டவர்மரின் அரசுப் பணியில் இருந்த காலத்தில், பொருளிழப்பால் மனமுடைந்திருந்தபோது, குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான டி லன்னாய் அவருக்கு விவிலியத்து யோபுவின் வரலாற்றைச் சொன்னதாக மரபு கூறுகிறது. மக்களையும் மந்தைகளையும் உடல்நலத்தையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவுக்குத் தன் துன்பத்தின் காரணம் இறுதிவரை சொல்லப்படுவதில்லை. எளிய ஆறுதல் எதையும் தராத இக்கதையே அவரை ஈர்த்தது என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்றுத் தேவசகாயம் ஆனவர் 1749இல் கைதானார். எருக்கம்பூ மாலையிட்டு எருமைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டதும், அடிபட்ட புண்களில் மிளகாய்த்தூள் பூசியதும் இன்றும் ஊர்களில் சொல்லப்படுகின்றன. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு மறைசாட்சியானார், அதாவது விசுவாசத்துக்காக உயிரளித்தார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளையோ நூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. கணவரையும் சொந்த ஊரையும் இழந்த அவர், தழுவிய விசுவாசத்தைக் கைவிடாமல் வடக்கன்குளத்தில் வாழ்ந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.