‘விஷ்’ஷும் வாஞ்சையும்

‘ஐ விஷ் ஐ ஹேட் எ கார்’ என்பதில் வரும் ‘விஷ்’ஷை ‘விரும்புகிறேன்’ என்று பெயர்த்தால் பாதிப் பொருள் சிந்திவிடும். சொல்பவரிடம் கார் இல்லை. வாங்கும் எண்ணம்கூட இல்லாதிருக்கலாம். இன்று இல்லாததை இறந்தகால வினையில் வைத்துப் பேசுவதில்தான் அந்த ஏக்கம் இருக்கிறது. ஜெர்மன் ‘வுன்ஷ்’ இச்சொல்லின் உடன்பிறப்பு. சமஸ்கிருத ‘வாஞ்சா’வும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தது. அதுவே நம் ‘வாஞ்சை’. அப்படியானால் அதையே நிகராகக் கொள்ளலாமே எனலாம். முடியாது, தமிழில் அது பரிவின் பக்கம் சாய்ந்துவிட்டது. குழந்தையின் தலையை வாஞ்சையோடு தடவலாம், காருக்கு வாஞ்சைப்பட்டால் சிரிப்பார்கள். பிறந்தநாளுக்கு ‘விஷ்’ பண்ணுவதில் ஏக்கம் ஏது என்றும் கேட்கலாம். அது கைகூடக்கூடிய நன்மையை வேண்டுவது, ‘வாழ்த்து’ போதும். கைகூடாததற்குத்தான் சொல் வேண்டும். விழைவைக் குறிக்கத் தொல்காப்பியம் ‘தில்’ என்ற இடைச்சொல்லைத் தருகிறது. பேச்சில் அது என்றோ போயிற்று. புதுச்சொல் ஆக்குவதும் வீண்வேலை என்பேன். ‘ஒரு கார் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்’ என்கிறோம். ‘இந்த மழை கொஞ்சம் நிற்கக் கூடாதா’ என்கிறோம். தடைவிதிக்கும் ‘கூடாது’, கேள்வியானதும் ஏங்கத் தொடங்கிவிடுகிறது.