ஷரீஷ்: ஒரு நகரும் ஒரு மதுவும்

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். அன்று நமது மோகனூரும் அம்மாவட்டத்தின் எல்லைக்குள் இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்தகையதோர் எண்ணம் அந்தலூஸின் கலீஃபா இரண்டாம் ஹகமுக்கு (ஆட்சி: கி.பி. 961-976) எழுந்தது. நாட்டின் திராட்சைக் கொடிகளை வேரோடு களைய அவர் விரும்பினார். கொடிகள் அழிந்தால் மக்கள் அத்திப்பழத்திலிருந்து மது செய்வர் என்று எடுத்துரைக்கப்படவே அதனைக் கைவிட்டார் என்பர் வரலாற்றாசிரியர். கொடிகள் பிழைத்தன.

அந்தலூஸின் தெற்கே ஷரீஷ் என்றொரு நகர் இருந்தது. இன்று அது ஸ்பெயினின் ஹெரெஸ். உலகெங்கும் விற்பனையாகும் 'ஷெர்ரி' மதுவின் பெயர் ஷரீஷ் என்பதன் திரிபேயாகும். 1264இல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ இந்நகரைக் கைப்பற்றினார். ஆட்சி மாறியது, பெயர் நிலைத்தது. 1967இல் இங்கிலாந்து நீதிமன்றமும், அடைமொழியின்றி ஷெர்ரி என வழங்கும் உரிமை ஹெரெஸ் வட்டார மதுவுக்கே உண்டு எனத் தீர்ப்பளித்தது.

பல ஆண்டுகளின் மதுவைப் பீப்பாய்களில் படிப்படியாகக் கலந்து முதிரவிடுவதே அங்குள்ள வழக்கம். எனவே புட்டியில் அறுவடை ஆண்டைக் குறிப்பது அரிது. ஓராண்டின் விளைச்சலை மட்டும் தனியே முத்திரையிட்டுப் பல பத்தாண்டுகள் காப்பது அதனினும் அரிது. ஆண்டுதோறும் ஒரு பகுதி பீப்பாய் மரத்தின் வழியே ஆவியாகிவிட, எஞ்சியது கருத்துச் செறிவடைகிறது. இந்த அருமைக்காகவே சுவைஞர் பெரும்பொருள் தருகின்றனர். இம்மதுவில் சேர்க்கப்படும் வடிசாராயத்திற்கான வாலையை ஸ்பானியர் 'அலம்பிக்கே' என்பர். அது அரபியின் 'அல்-அன்பீக்'. அரபியரோ அச்சொல்லைக் கிரேக்கரிடமிருந்து பெற்றனர்.

மார்க்கம் விலக்கிய பொருளைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும் என வினவலாம். நமக்கு வேண்டுவது மதுவன்று. அதன் பெயருக்குள் மறைந்துபோன நகரமே. மகாமாத்துல் ஹரீரிக்கு விரிவான ஷரஹ் இயற்றிய அஹ்மத் இப்னு அப்துல் முஃமின் அஷ்ஷரீஷீ (மறைவு: ஹி. 619 / கி.பி. 1222) அவ்வூரினர். கீழ்த்திசையின் பஸராவில் வாழ்ந்த ஹரீரியின் நூலுக்கு மேற்றிசையின் கோடியிலிருந்து உரை எழுந்தது அந்நாளைய கல்விப் பரப்பைக் காட்டுகிறது.

ஆயின், ஷரீஷ் என்றதும் உலகம் நினைப்பது மதுவை, உரையாசிரியரை அன்று. மகாமாத் ஓதும் மாணவருக்கு அஷ்ஷரீஷீ என்பது எந்த ஊரைக் குறிக்கிறது, அவ்வூர் இன்று எங்குள்ளது என்பதையும் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர்களாகிய நமது கடமை. அதனை நாமே சொல்லாவிடில், அவ்வூரின் பெயரைச் சொல்ல மதுப்புட்டி மட்டுமே எஞ்சும்.