தோனியின் முழங்கால்

1/ வயசான நட்சத்திரத்தை டீம் வச்சுக்கணுமா? உடன்குடி டீக்கடையில ஓயாத பேச்சு இது. ஒரு டாக்டரா பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கிறேன்.

2/ 2019 ஜூலை 10, மான்செஸ்டர்: தோனி ரன் அவுட். இந்தியாவுக்காக அதுவே கடைசி ஆட்டம். 2023இல் சென்னைக்கு ஐந்தாவது கோப்பை. உடனே முழங்காலில் அறுவை சிகிச்சை.

3/ கீப்பர் ஒரு இன்னிங்ஸில் 120 பந்துக்கும் குந்தி எழணும். அறுவை சிகிச்சை வலியைக் குறைக்கும், வயசைக் குறைக்காது.

4/ 2025 சீசனுக்கு, 43 வயசுல, 4 கோடிக்குத் தக்கவச்சாங்க. சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிரா ஒன்பதாவதா இறங்கி 16 பந்தில் 30. சென்னைக்கு 50 ரன் தோல்வி. முழங்கால் முன்ன மாதிரி இல்லன்னு கோச் பிளெமிங்கே சொன்னார். சீசன் முடிவில், முதல்முறையா கடைசி இடம்.

5/ தோல்விக்கு அவர் மட்டும் காரணமில்ல. ஆனா கையுறையை இளையவர்கிட்ட கொடுத்து, பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுக்கலாமே. பாசம் வேற, முழங்கால் வேற.