நோடும் பைத்தானும்: கோப்புக்காகக் காத்திருக்கும் இரண்டு முறைகள்

1990களில் மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழ் அச்சகங்கள் கணினிக்கு மாறிய காலத்தில் தமிழ் யூனிகோடு இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள்தான் இங்கே பலருக்கும் கைகொடுத்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியபோதும் குறியாக்கச் சிக்கல் தீர்ந்திருக்கவில்லை. அதனால் அந்த ஆண்டுகளில் தட்டச்சான கோயில் திருவிழா மலர், சங்க ஆண்டறிக்கை, கருமக்கிரியை அழைப்பு எல்லாம் முரசின் பழைய குறியாக்கத்திலோ திஸ்கி என்ற இன்னொரு குறியாக்கத்திலோ கிடக்கின்றன. இன்றைய கைப்பேசியில் திறந்தால் குப்பை எழுத்துகளாகத் தெரியும். ஒரு சமூகத்தின் அன்றாட வரலாறு அதற்குள் இருக்கிறது. அதை யூனிகோடுக்கு மாற்றிக் காப்பது அவசரமான வேலை என்று நினைக்கிறேன்.

வேலையின் இயல்பு எளியது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். ஒவ்வொன்றையும் படி, மாற்று, எழுது. மாற்றும் கணக்கு நொடியின் சிறு துளியில் முடிந்துவிடும். நேரத்தை விழுங்குவது காத்திருப்புதான். அதுவும் கோப்புகள் அலுவலக வலையமைப்பிலுள்ள சேமிப்புப் பெட்டியில் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஒன்றுக்காகக் காத்திருக்கும்போதே இன்னொன்றைத் தொடங்கினால் மொத்த நேரம் வெகுவாகச் சுருங்கும். இப்படி ஒரு நிரலை எழுத நோட், பைத்தான் இரண்டில் எதை எடுப்பது?

இரண்டுமே உள்ளே ஒரே தந்திரத்தை நம்புகின்றன. அதற்குக் காரணம் மொழிகளில் இல்லை, இயங்குதளத்தில் இருக்கிறது. வலை இணைப்பில் தரவு வந்ததும் சொல் என்று லினக்ஸ் கர்னலிடம் கேட்கலாம், அதன் ஈபோல் என்ற வசதி சொல்லும். வட்டிலுள்ள சாதாரணக் கோப்பைப் பற்றிக் கேட்டால் ஈபோல் பிழை காட்டி மறுத்துவிடும். பழைய செலக்ட், போல் அழைப்புகளோ கோப்பு எப்போதும் தயார் என்று சொல்லிவிட்டு, படிக்கப் போகும்போது நிரலை நிறுத்தி வைக்கும். 2019இல் லினக்ஸ் 5.1இல் யென்ஸ் ஆக்ஸ்போ கொண்டுவந்த ஐஓ யூரிங் இதற்கு நேரடி விடை. நோடின் அடித்தளமான லிப்யூவி 2023இல் அதை ஏற்றது; பிறகு பாதுகாப்புக் காரணங்களால் இயல்பு நிலையில் அணைத்து வைத்தது. ஆகவே இன்றும் நடப்பது இதுதான்: பின்னணியில் சில இழைகள் (த்ரெட்) உட்கார்ந்து கோப்புக்காகக் காத்திருக்கும், முன்னால் மற்ற வேலைகளை முறைவைத்து நடத்தும் ஈவென்ட் லூப் தடையின்றிச் சுழலும்.

நோட் இந்த இழைகளை முழுவதுமாக மறைக்கிறது. ரீட்ஃபைல் என்று அழைத்தாலே வேலை பின்னணிக்குப் போய்விடும். நிரலை நிறுத்தி வைக்கும் வடிவம் வேண்டுமென்றால் ரீட்ஃபைல்சிங்க் என்று வால் சேர்த்து எழுத வேண்டும். பைத்தானில் நிலைமை தலைகீழ். ஓபன் என்ற சாதாரண அழைப்பு லூப்பையே நிறுத்திவிடும், ஆனால் பெயரில் எந்த எச்சரிக்கையும் கிடையாது. 2014இல் 3.4 பதிப்புடன் வந்த அசிங்க்ஐஓ நூலகத்தில் கோப்புக்கென்று தனி வழியே இல்லை. 2020இல் 3.9 பதிப்பு டு‑த்ரெட் என்ற அழைப்பைத் தந்தது: இந்த வேலையை இழைக்கு அனுப்பு என்று நிரலரே எழுத வேண்டும். நோட் தவறான வழிக்குப் பெயர் வைத்தது, பைத்தான் சரியான வழிக்குப் பெயர் வைத்தது. புதிதாக எழுதுபவரை நோட் நன்றாகக் காக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பைத்தானில் மறந்துபோய் ஓபன் எழுதியவருக்கு அசிங்க்ஐஓவின் சோதனை நிலைதான் துணை, 0.1 நொடிக்கு மேல் லூப்பைப் பிடித்துவைத்த இடத்தை அது காட்டிக்கொடுக்கும்.

ஆனால் நம் ஆயிரக்கணக்கான கோப்புகளிடம் வரும்போது அந்த மறைப்பே பாதகமாகிறது. நோடில் ஒரு கோப்பைத் திறப்பது ஒரு வேலை, அளவு கேட்பது இன்னொரு வேலை, படிப்பது, மூடுவது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இழைகளின் வரிசையில் நிற்கும். ஐயாயிரம் கோப்புகளை ஒரே மூச்சில் அனுப்பினால் ஐயாயிரம் திறப்புகளும் வரிசையின் முன்னால் நிற்கும். மூடுவதற்கான முறை வருவதற்குள் கோப்புகள் திறந்தபடி குவிந்துவிடும். ஒரு செயல்முறை திறந்து வைக்கக்கூடிய கோப்புகளுக்கு இயங்குதளம் விதித்த வரம்பை எட்டினால் நிரல் பிழையோடு விழும். இதைச் சமாளிக்கவே கிரேஸ்ஃபுல்‑எஃப்எஸ் என்ற நூலகம் பிறந்தது.

பைத்தானில் திறந்து, படித்து, மாற்றி, எழுதி, மூடும் மொத்தத்தையும் ஒரு சாதாரணச் செயற்கூறாக எழுதி அதையே டு‑த்ரெட்டிடம் கொடுக்கலாம். வேலை செய்யும் இழைகளின் எண்ணிக்கை அளவுக்குத்தான் எந்த நேரத்திலும் கோப்புகள் திறந்திருக்கும். வரம்புக்கு அருகில்கூடப் போகாது. எந்த அளவு வேலையை ஒரு துண்டாக வெட்டுவது என்ற உரிமை நிரலரிடமே இருப்பதுதான் இங்கே பயன். அய்யோஃபைல்ஸ் என்ற வெளி நூலகத்தைப் பயன்படுத்தினால் இந்த நன்மை போய்விடும். அதுவும் நோட் போலவே திறப்பையும் படிப்பையும் தனித்தனியாக அனுப்புகிறது. அழகான எழுத்துக்காக அதை எடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இழைகளின் எண்ணிக்கையிலும் இதே வேறுபாடு. கணினியில் எத்தனை கோர்கள் இருந்தாலும் லிப்யூவி நான்கு இழைகளோடுதான் தொடங்கும். சூழல் மாறி ஒன்றை மாற்றி 1024 வரை உயர்த்தலாம். கோப்புகளும், இணைய முகவரி தேடும் டிஎன்எஸ் லுக்கப்பும், சில மறையாக்கக் கணக்குகளும் அந்த நான்கையே பகிர்ந்துகொள்கின்றன. முகவரித் தேடல்கள் பாதி இழைகளுக்கு மேல் பிடிக்க முடியாதபடி லிப்யூவி காவல் வைத்திருக்கிறது. கோப்புகளுக்கு அந்தக் காவல் இல்லை. சேமிப்புப் பெட்டி பதில் தராமல் நான்கு இழைகளும் மாட்டிக்கொண்டால், அதே நிரல் வெளியே எந்தத் தளத்தின் முகவரியையும் லுக்கப் வழியே தேட முடியாது. வலை கெட்டுவிட்டது என்று நினைத்துக் கேபிளைச் சோதிப்பார்கள், கோளாறோ கோப்பில் இருக்கும்.

பைத்தானின் இயல்பான இழைக் குழுவின் அளவு கோர்களின் எண்ணிக்கையுடன் நான்கைக் கூட்டியது, உச்சம் 32. அசிங்க்ஐஓவும் முகவரித் தேடலை அந்தக் குழுவிடமே அனுப்புகிறது என்பதால் ஆபத்து அங்கும் உண்டு. ஆனால் கோப்புக்கென்று தனிக் குழுவை இரண்டு வரியில் உருவாக்கிப் பிரித்துவிடலாம். நோடில் ஒரு செயல்முறைக்கு ஒரே குழு. ஒர்க்கர் இழைகளைத் தொடங்கினாலும் அவை அதையேதான் பகிரும். ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் ஓடவிடும் பைத்தானின் ஜிஐஎல் பூட்டு இங்கே தடையா என்று கேட்பவர்கள் உண்டு. கோப்புக்காகக் காத்திருக்கும்போது பைத்தான் அந்தப் பூட்டை விட்டுவிடும் என்பதால் இந்த வேலைக்கு அது பெரிய பொருட்டில்லை.

தமிழ் என்பதால் வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது, ஆங்கிலக் கோப்பில் இது கண்ணில் படாது. யூடிஎஃப்‑8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு. நோடின் ரீட்ஸ்ட்ரீம் 65,536 பைட்டுகளாக வெட்டித் தரும்; அந்த எண் மூன்றால் வகுபடாது. குறியாக்கத்தைச் சொல்லாமல் ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சரமாக்கினால் வெட்டுவாயில் எழுத்து சிதையும். நோட் அதற்கு மாற்றுக்குறிகளைப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேலே போகும். அதே வேலையைப் பைத்தானில் செய்தால் பிழை காட்டி நின்றுவிடும். ஆவணக் காப்புக்கு நிற்பதே நல்லது. எழுத்து தொலைந்தது உடனே தெரிய வேண்டும்.

குறியாக்கத்தைச் சரியாகச் சொன்னாலும் 'கொ' தப்பாது. அது ககரமும் உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு. ககரம் ஒரு துண்டிலும் குறி அடுத்ததிலும் விழலாம். திஸ்கியில் இன்னும் மோசம்: கண்ணில் தெரியும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என மூன்று பைட்டு. கொம்பு மட்டும் முந்தைய துண்டில் தங்கிவிட்டால் மாற்றி எழுதும் நிரல் அதை எந்த எழுத்தோடு சேர்ப்பது என்று அறியாது. அச்சகக் கோப்புகள் சிறியவை, துண்டாக்கவே தேவையில்லை. ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்து முழுதாக மாற்றும் செயற்கூற்றை இழைக்கு அனுப்பினால் போதும். ஓப்பன்‑தமிழ் நூலகத்தில் பழைய குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றும் பகுதி பைத்தானிலேயே கிடைப்பதும் என் முடிவைப் பைத்தான் பக்கம் சாய்க்கிறது.

இரண்டிலும் தீராத குறை ஒன்று உண்டு. மாட்டிக்கொண்ட இழையை வெளியிலிருந்து நிறுத்த முடியாது. பைத்தானில் நேர வரம்பு வைத்தால் காத்திருப்புதான் முடியும், இழை தன் வேலையைத் தொடரும். நோடில் ரத்துச் சமிக்ஞை கொடுத்தாலும் இயங்குதளத்திடம் போய்விட்ட கோரிக்கை திரும்பாது. நேரம் கடந்துவிட்டதென்று அதே கோப்பை மறுபடி எழுதத் தொடங்கினால் பழைய இழையும் புதிய இழையும் ஒன்றின் மேல் ஒன்று எழுதும். அதனால் ஒவ்வொரு முயற்சியும் தனக்கெனத் தனிப்பெயரில் தற்காலிகக் கோப்பு எழுதி, முழுமையாக முடிந்த பிறகே உரிய பெயருக்கு மாற்ற வேண்டும். மூலம் அழியாமல் இருக்க, மூலக் கோப்பு இருக்கும் அடைவில் நிரலுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள்.