பி.காம்., பி.பி.ஏ. பட்டம் பெற எதையெல்லாம் முடிக்க வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் தர்மபுரி, அரூர், பாலக்கோடு பக்கத்துப் பெற்றோர்கள் ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "ஹஜ்ரத், பையனை பி.காம். சேர்க்கட்டுமா, பி.காம். சி.ஏ. சேர்க்கட்டுமா?" கேட்பவர்களில் பலர் இரண்டாவதைப் படித்தால் ஆடிட்டர் ஆகிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்தப் பட்டத்தின் பின்னால் நிற்கும் சி.ஏ. என்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டருக்கான சி.ஏ. (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) கல்லூரிப் பட்டமே அல்ல. அதற்கான தேர்வுகளை இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தனியாக நடத்துகிறது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன்பே இந்தக் குழப்பம் தீர வேண்டும்.

நம் மாவட்டத்தின் அரசுக் கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. 1997-ல் தொடங்கிய அப்பல்கலைக்கழகத்துக்கு சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்கள் உட்பட்டவை. பட்டத்துக்கான நிபந்தனைகளை வகுப்பது கல்லூரி அல்ல, பல்கலைக்கழகம். (தன்னாட்சிக் கல்லூரிகள் மட்டும் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும்.) மாணவர் எந்த ஆண்டில் சேர்ந்தாரோ அந்த ஆண்டின் விதிமுறையே அவருக்குப் பொருந்தும். பக்கத்து வீட்டு அண்ணன் ஐந்து வருடத்துக்கு முன் சொன்னதை நம்பிப் பயனில்லை.

மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். மாநில உயர்கல்வி மன்றம் 2023-24 கல்வியாண்டுக்குத் தந்த மாதிரிப் பாடத்திட்டத்தில் பி.காம். பட்டத்துக்கு 140 கிரெடிட். இது ஐந்து பகுதிகளாகப் பிரிகிறது. முதல் பகுதி மொழி, இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவதில் முதன்மைப் பாடங்களும் அவற்றோடு சேர்ந்த துணைப் பாடங்களும் வருகின்றன. நான்காவதில் திறன் மேம்பாட்டுப் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி. ஐந்தாவது, என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணி.

மொழி விஷயத்தில் நம் சமுதாயப் பிள்ளைகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முதல் பகுதியில் தமிழுக்குப் பதில் அரபியோ உர்தூவோ எடுக்க விதியில் இடமுண்டு. மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கு அரபி சுலபமாக மதிப்பெண் தரும் என்பதும் உண்மை. ஆனால் பன்னிரண்டு வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுப்பவர், நான்காம் பகுதியில் சிறப்புத் தமிழ் இரண்டு தாள் எழுத வேண்டும். பள்ளியில் தமிழே படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ் இரண்டு தாள். தமிழையே எடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் வேறு துறையின் பாடம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு கிடைக்கும். அதோடு, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் 2021 இறுதியில் வந்த அரசாணையால் கட்டாயமாகிவிட்டது. அரசு வேலை எண்ணமிருந்தால் அதையும் சேர்த்து யோசியுங்கள். இன்னொன்று, எல்லாக் கல்லூரியிலும் அரபிக்கு ஆசிரியர் இருப்பதில்லை. அரபியோடு வணிகவியல் வேண்டுமென்றால் 1919-ல் நிறுவப்பட்ட வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்றவற்றை விசாரிக்கலாம்.

மூன்றாம் பகுதிதான் படிப்பின் உடல். நிதிக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், வணிகச் சட்டம், நிறுமச் சட்டம், வருமான வரி, தணிக்கை, வங்கியியல் எல்லாம் இதில் அடங்கும். "வங்கிப் பாடம் வருகிறதே, வட்டி சம்பந்தப்பட்டது, படிக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்வது, வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்துகொள்வது வேறு, வட்டியில் ஈடுபடுவது வேறு. குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. கணக்கு எழுதும் கல்வியைப் பார்த்து நாம் ஒதுங்க வேண்டியதில்லை.

துணைப் பாடங்களாக வணிகப் பொருளியல், வணிகக் கணிதமும் புள்ளியியலும் முதலானவை வரும். கணிதம் இல்லாத பிரிவில் பன்னிரண்டு முடித்த பிள்ளைகள் தடுமாறுவது இந்தக் கணிதத் தாளில்தான். அரியர் விழுந்தால், "அது மேஜர் இல்லையே" என்று தள்ளிப்போடுகிறார்கள். இறுதியாண்டில் முதன்மைப் பாடம் எல்லாம் தேறி, ஒரு துணைப் பாடத்தாலோ சுற்றுச்சூழல் கல்வித் தாளாலோ பட்டம் நின்றுபோன பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். அவர்களில் சிலர் வளைகுடா வேலைக்கு நேர்காணல் முடித்தவர்கள். சான்றிதழ் இல்லாமல் வேலை காத்திருக்குமா? நான்காம் பகுதியில் மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை, தேறாமல் விடக்கூடாது.

தேர்ச்சிக்கு நூற்றுக்கு 40. இதில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. இன்டர்னலில் 25-க்கு 25 வாங்கினாலும், தேர்வில் 75-க்கு 30 எடுக்காவிட்டால் அந்தத் தாள் தோல்விதான்.

வருகைப் பதிவு 75 விழுக்காடு. ஒரு செமஸ்டரில் வேலை நாட்கள் 90 என்று வைத்துக்கொண்டால், 22 நாட்களுக்கு மேல் விடுப்பு எடுத்தால் சிக்கல். நாற்பது நாள் ஜமாஅத்தில் புறப்படும் கல்லூரிப் பிள்ளைகள் அதைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்வது நல்லது. பாடவேளையில் போனால் முப்பது வகுப்பு நாட்களுக்கு மேல் போய்விடும்.

பி.பி.ஏ.வில் கணக்கியல் குறைவு. நிர்வாகம், சந்தையியல், மனிதவளம் அதிகம். குடும்பக் கடையை வளர்க்க விரும்பும் பிள்ளைக்குப் பொருத்தம். ஆடிட்டர் ஆவதே குறி என்றால் நம் பரிந்துரை பி.காம். ஏனென்றால் வணிகவியல் பட்டதாரி 55 விழுக்காடு எடுத்திருந்தால் முதல்நிலைத் தேர்வு எழுதாமலே சி.ஏ. இண்டர்மீடியட்டில் நேரடியாகச் சேரலாம். மற்றப் பட்டதாரிகளுக்கு இது 60. அந்த 55 பொருந்த வேண்டுமானால் கணக்கியல், தணிக்கை, வணிகச் சட்டம், நிறுமச் சட்டம், பொருளியல், மேலாண்மை, வரி, அடக்கவிலை போன்றவற்றில் நூறு மதிப்பெண் தாள்கள் மூன்றாவது படித்திருக்க வேண்டும். நம் பி.காம். பாடத்திட்டத்தில் இது தானாகவே நிறைவேறிவிடும்.

'மேஜர், மைனர்' என்ற பேச்சைப் பிள்ளைகள் இணையத்தில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். அது பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வரைவுமுறையைச் சேர்ந்தது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதில் மைனருக்கு 24. நான்காண்டு ஆனர்ஸ் என்றால் 160-ல் 32. நம் அரசுக் கல்லூரிகளில் அந்தப் பெயரில் மைனர் இல்லை. துணைப் பாடமும் பிற துறைப் பாடமுமே அதற்கு நெருக்கமானவை. ஓசூர் தாண்டிப் பெங்களூரில் சேர்ப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். கர்நாடகம் 2021-ல் நான்காண்டு முறைக்குப் போய், 2024-ல் மீண்டும் மூன்றாண்டுக்குத் திரும்பியது. அதனால் ஒரே கல்லூரியின் சீனியரும் ஜூனியரும் வேறு வேறு விதியில் படிக்கிறார்கள். இடையில் இங்கிருந்து அங்கோ, அங்கிருந்து இங்கோ மாற நினைத்தால், எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் ஏற்கப்படும் என்பதைச் சேரப்போகும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே மாற்றுச் சான்றிதழ் கேளுங்கள்.