எஃகுக் கூண்டில் அடைத்த காற்று: உயர் அழுத்த சிகிச்சையின் மூன்றரை நூற்றாண்டு

கோவிட்-19 தொற்று நீங்கிப் பல மாதங்கள் ஆன பின்னும் சோர்வு, மூச்சுத் திணறல், நினைவுத் தடுமாற்றம், தூக்கக் குலைவு ஆகியவை விடாமல் தொடரும் நிலை ‘நீண்டகால கோவிட்’ எனப்படுகிறது. அதற்கு உறுதியான மருந்து எதுவும் கைவசம் இல்லாத சூழலில் நோயாளிகள் நாடிய வழிகளுள் ஒன்று உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை ஆகும். காற்றுப் புகாத அறையில் அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேலாக உயர்த்தி, உள்ளிருப்பவரைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்வதே இம்முறை. புதுமையானதாகத் தோன்றினாலும் இதன் வேர்கள் 17ஆம் நூற்றாண்டில் உள்ளன; பெருந்தொற்று ஒன்றை அடுத்து அழுத்த அறை மக்களை ஈர்த்தது இது முதன்முறையும் அன்று.

1662இல் இங்கிலாந்து மருத்துவர் நத்தானியேல் ஹென்ஷா, துருத்திகளைக் கொண்டு காற்றை நெருக்கவும் தளர்த்தவும் கூடிய மூடிய அறை ஒன்றை நோய் தீர்க்கும் கருவியாக முன்வைத்தார். ஆக்சிஜன் என்ற வாயு தனித்து அறியப்படுவதற்கு நூறாண்டுகளுக்கும் மேல் இருந்த காலம் அது. ஆகவே எதனால் குணம் கிடைக்கும் என்பதற்கு அவரிடம் ஊகத்தைத் தவிர வேறு ஆதாரம் இருந்திருக்க இயலாது. 1830களில் பிரான்சில் ஜுனோ, தபாரியே, பிரவா ஆகியோர் அழுத்தக் காற்றை நுரையீரல் நோய்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கியபின், ‘காற்றுக் குளியல்’ ஐரோப்பிய நகரங்களில் வசதி படைத்தோரின் நாகரிகமாகவும் பரவியது.

அழுத்தம் உடலில் என்ன செய்கிறது என்பதை மருத்துவமனைகளைவிடக் கட்டுமானத் தளங்களே முதலில் கற்பித்தன. 1841இல் பிரெஞ்சுப் பொறியாளர் திரிஜே, ஆற்றுப்படுகைக்கு அடியில் நீர் புகாதவாறு அழுத்தக் காற்றை நிரப்பிய ‘கெய்சன்’ என்னும் அடைப்புக்குள் தொழிலாளரை இறக்கினார். வேலை முடித்து வெளியேறிய சிலருக்கு மூட்டுகளில் கடும் வலி கண்டது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துத் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங் 1872இல் இதே நோயால் முடங்கி, எஞ்சிய பணியை வீட்டிலிருந்தே நடத்த நேர்ந்தது. அழுத்தம் திடீரெனக் குறையும்போது இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழ்களாகப் பிரிவதே காரணம் என்று 1878இல் பால் பெர்ட் நிறுவினார். அளவுக்கு மீறிய ஆக்சிஜன் வலிப்பை உண்டாக்கும் என்பதைக் காட்டியவரும் அவரே. பின்னர் ஹட்சன் சுரங்கப் பணியில் எர்னஸ்ட் மோய்ர், நோயுற்றவரை மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்தி மெல்ல வெளிக்கொணரும் அறையை அமைத்தார். 1937இல் பென்கியும் ஷாவும் அவ்வறையில் ஆக்சிஜனையும் சேர்த்தனர். இங்கு நோயின் காரணமும் சிகிச்சையின் செயலும் நேராகப் பொருந்தின. அழுத்த அறையின் மதிப்பை ஐயமின்றி நிலைநாட்டிய களம் இதுவே.

அந்தப் பொருத்தத்தைத் தேடாமலே அறையை எல்லா நோய்களுக்கும் விரித்தவர் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ஆர்வல் கன்னிங்காம். உயரமான மலைப்பகுதிகளில் வாடும் இதய நோயாளிகள் தாழ்ந்த நிலங்களில் தேறுவதைக் கண்ட அவர், அடர்ந்த காற்று நன்மை தரும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். 1918ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்றில் சாகும் தறுவாயில் இருந்த இளம் மருத்துவர் ஒருவரை அழுத்த அறையில் வைத்து அவர் மீட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த வெற்றியின் பலத்தில் 1921 வாக்கில் 88 அடி நீளமும் 10 அடி விட்டமும் கொண்ட உருளை ஒன்றை நிறுவி, நீரிழிவு, மிகை இரத்த அழுத்தம், சிபிலிஸ், புற்றுநோய் வரை அனைத்துக்கும் அதில் சிகிச்சை அளித்தார். காற்றில்லாச் சூழலில் வளரும் கிருமிகளே இந்நோய்களுக்கு மூலம் என்பது அவர் கொள்கை. அதற்குச் சான்று எதையும் அவர் தரவில்லை.

ரோலர் பேரிங் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த டிம்கென் கன்னிங்காமுக்கு அளித்த பணத்தில், 1928இல் கிளீவ்லாந்தில் 64 அடி விட்டமுள்ள எஃகுக் கோளம் ஒன்று பல மாடிகளோடு எழுந்தது. முழுக் கட்டடமே அழுத்த அறையான அந்த மருத்துவமனையின் பொறியியலை இன்றும் வியக்கலாம். மருத்துவத்தை அவ்வாறு வியப்பதற்கில்லை. அதில் நிரப்பப்பட்டது ஆக்சிஜன் அன்று, வெறும் காற்று. காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆதலால், இரண்டு மடங்கு அழுத்தத்தில் கிடைப்பது சாதாரண அழுத்தத்தில் 42 விழுக்காடு ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்கு நிகரானதே. அதை எளிய முகக்கவசத்தாலும் பெறலாம். அமெரிக்க மருத்துவச் சங்கம் பலமுறை ஆதாரம் கேட்டும் கிடைக்காமையால், 1928இல் தன் இதழில் இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தது. 1930களில் மருத்துவமனை முடங்கியது. உலகப் போரின் தேவைக்காக 1942இல் கோளம் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது.

அறிவியல் மதிப்பு மீண்டது ஆம்ஸ்டர்டாமில். நல்ல உடல்நிலையில் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே ஏறத்தாழ முழு அளவில் ஆக்சிஜனை ஏந்தியிருப்பதால், கூடுதல் ஆக்சிஜன் அதில் அதிகம் ஏறாது; ஆனால் அழுத்தம் உயர உயர, இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் அது நேரடியாகக் கரைகிறது. இதய அறுவை மருத்துவர் பூரிமா 1960இல் வெளியிட்ட ஆய்வில், சிவப்பணுக்கள் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்ட பன்றிகளை மூன்று மடங்கு அழுத்தத்தில் இந்தக் கரைந்த ஆக்சிஜனே உயிரோடு வைத்திருந்தது. அவருடைய குழுவினர் அடுத்த ஆண்டே வாயு அழுகல் என்னும் கொடிய தொற்றில் இதன் பயனைக் காட்டினர். இவ்வாறு குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட செயல்முறை என்ற ஒழுங்கு உருவானது. கார்பன் மோனாக்சைடு நச்சும் ஆறாத நீரிழிவுப் புண்களும் ஏற்கப்பட்ட பட்டியலில் இடம்பெற்றன.

நீண்டகால கோவிட் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. இங்கிலாந்தில் 2021இல் 10 நோயாளிகளுக்குத் தலா 10 அமர்வுகள் அளித்த சிறு ஆய்வில் சோர்வும் அறிவுத் திறனும் மேம்பட்டன. எனினும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. இஸ்ரேலின் ஷமிர் மருத்துவ மையம் 2022இல் வெளியிட்ட ஆய்வே முறையான தொடக்கம் எனலாம். அதில் 73 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் இரண்டு மடங்கு அழுத்தத்தில் 90 நிமிடம் வீதம் 40 அமர்வுகளில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தனர். மற்றவர்களுக்குத் தொடக்கத்தில் சிறிதே அழுத்தம் உயர்த்தி, காற்றோட்ட ஓசையும் எழுப்பி, பின் ஏறத்தாழ இயல்பு நிலைக்கு இறக்கிய போலிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. கவனம், உற்சாகம், தூக்கம், வலி ஆகியவற்றில் உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினர். இடையிடையே சாதாரணக் காற்றுக்குத் திரும்புவதை உடல் தட்டுப்பாடாக உணர்ந்து, புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கும் சமிக்ஞைகளைத் தூண்டுகிறது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். கன்னிங்காம் ஒருபோதும் அமைக்காத போலிக் குழுதான் இந்த ஆய்வின் உண்மையான பெருமை.

2024இல் அதே குழு 31 பேரை ஓராண்டுக்கும் அதிகமாகத் தொடர்ந்து கவனித்து, பலன் நீடிப்பதாக அறிவித்தது. ஆனால் அவர்கள் அனைவரும் உண்மையான சிகிச்சை பெற்றவர்களே ஆதலால், காலப்போக்கில் தானாக வந்த தேறுதலை அதிலிருந்து பிரித்தறிய வழியில்லை. கோவிட்டுக்கு இக்கருவிகள் எவையும் ஒப்புதல் பெறவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021இலேயே எச்சரித்திருந்தது. காதுச் சவ்வு காயமடைவதும், ஆக்சிஜன் நிறைந்த அறையில் தீப்பற்றுவதும் வெறும் கற்பனை ஆபத்துகள் அல்ல. கையிலுள்ள சான்றுகள் இம்முறையை ஆய்வுக்கூடத்தில் தொடரப் போதுமானவை. கடையில் விற்கப் போதுமானவை அல்ல.