தரங்கம்பாடி ஜான் ஐயரின் ஈடுபாடுகள்

1771இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1813இல் அங்கேயே மரித்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் ஐயரைப் பிற்கால மிஷன் வரலாற்றாசிரியர் சிலர் குறைகூறியே கடந்துசெல்கின்றனர். சுவிசேஷ ஊழியத்தைத் தளரவிட்டு இயற்கை ஆராய்ச்சியில் காலத்தைப் போக்கினார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

அவ்வார்வம் உண்மையே. அவர் பெர்லினுக்கு அனுப்பிய மீன்களை ஆராய்ந்த மருத்துவர் புளோக், கத்தாழை மீன் வகையொன்றுக்கு 'ஜானியஸ்' என்று பெயரிட்டார். நம் நாட்டார் இருதலைப் பாம்பு என வழங்கும் மண்ணுளிப் பாம்பின் அறிவியற் பெயரிலும் ஐயர் பெயரே உள்ளது. (மிஷனெரிக்குப் பாம்பு நினைவுச்சின்னமானது விந்தைதான்!)

ஆயினும் அவர் பள்ளி ஆசிரியருமாவார். திண்ணைப்பள்ளிச் சிறுவர் மனனஞ்செய்த ஔவையாரின் நீதிநூல்களை இகழாது, அவற்றை மொழிபெயர்த்து, 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' ஏழாம் தொகுதியில் அப்புலவரைப்பற்றிக் கட்டுரையும் வரைந்தார். கடற்கரையில் கிடைத்ததைக் கூர்ந்து நோக்கியவர், தம் மாணவரின் ஊரில் வழங்கிய நூலையும் அவ்வாறே நோக்கினார் என்பது நம் துணிபு. ஊழியத்தினின்று விலகிய பொழுதுபோக்காக நாம் இதைக் கருதவில்லை. அவரே தம் கடைசி ஆண்டுகளில் 15 தமிழ்ப் பள்ளிகளையும் 5 ஆங்கிலப் பள்ளிகளையும் கட்டணமின்றி நடத்தி, அவ்வீராண்டு முயற்சியின் விவரத்தை 1813இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். குறைகூறுவோர் இந்நூலையும் எடைபோட வேண்டும்.